மைக் 8, டிராக் 2: மாடி அறையில் கச்சேரி செட்டைத் தனித்தனி டிராக்காக எடுப்பது எப்படி?

மாடிஅறை:

ஸ்ரீரங்கத்தில் வீட்டு மாடியில் 10க்கு 12 அடி அறை ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வருடமாக ஏதோ செய்துகொண்டிருக்கிறேன். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ்), ஒரு கண்டென்சர் மைக், ஒரு எஸ்எம்57 டைனமிக் மைக், விண்டோஸ் லேப்டாப், அதில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். இதுவரை எல்லாம் ஒவ்வொன்றாகத்தான்: முதலில் கீபோர்டு, அதன்மேல் குரல், அப்புறம் கோரஸ். இரண்டு இன்புட் தாராளமாகப் போதும் என்று இருந்தது.

இப்போது அத்தை பெண்ணின் செட்டைப் பதிவு செய்ய வேண்டும். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம். ஒவ்வொருவராக உட்காரவைத்து எடுத்துப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. நிரவலில் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும்போது) அவள் அடுத்து எங்கே போவாள் என்பது முகத்தைப் பார்த்தால்தான் மிருதங்கக்காரருக்குத் தெரியும். ஹெட்போனில் கேட்டு வாசிக்கச் சொன்னால் மனிதர் சும்மா தாளம் போட்டுவிட்டுப் போகிறார்.

அதனால் போன மாதம் யுஎஸ்பி உள்ள 12 சேனல் மிக்சர் ஒன்று வாங்கினேன். கடையில் "எல்லாச் சேனலும் கம்ப்யூட்டருக்குப் போகும் சார்" என்றார்கள். போனது, எல்லாம் சேர்ந்து இரண்டே டிராக்கில். நான் பதிவு செய்யும்போது ஹெட்போனில் நன்றாகத்தான் இருந்தது, மறுநாள் கேட்டால் இரண்டாவது பாட்டில் மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் (இடப்பக்கத் தோலின் 'கும்') பல்லவியையே விழுங்கிவிட்டது. தொப்பியைக் குறைத்தால் குரலும் சேர்ந்து குறைகிறது. மூன்று மணி நேர உழைப்பு.

இது போதாதென்று, சுருதிக்கு கீபோர்டில் தம்புரா வைத்து மிக்சரில் செருகினால் ஒரு 'ம்ம்ம்' சத்தம். பழைய 2ஐ2-வையும் இந்த மிக்சரையும் ஒரே லேப்டாப்பில் சேர்த்துப் பயன்படுத்தலாமா? இல்லை மிக்சரை விற்றுவிட்டு வேறு வாங்கவா? வாங்குவதானால் எத்தனை இன்புட்?

கேபிள்காரன்:

தம்பி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். சிறிய அனலாக் மிக்சர்களில் பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி என்பது கடைசியில் கலந்து வருகிற இடது, வலது இரண்டை மட்டும் அனுப்புகிற வழி. யமஹா எம்ஜி10எக்ஸ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் 10 சேனல், யுஎஸ்பியில் 2 உள்ளே 2 வெளியே. அதில் ஒளிவு மறைவு இல்லை, விவரப் பட்டியலில் அப்படியே போட்டிருப்பார்கள், நாம்தான் பார்ப்பதில்லை. அதே உருவத்தில் சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே 14 டிராக் தனித்தனியாக அனுப்பும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யுஎஸ்பியில் எத்தனை சேனல் தனியாகப் போகும்?

இரண்டு கருவியையும் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். விண்டோஸில் ரீப்பர் ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ டிரைவரைத்தான் (ஒலிக் கருவியோடு பேசுகிற மென்பொருள்) எடுக்கும். ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டு இரண்டையும் ஒட்டவைக்கிறவர்கள் உண்டு, நானும் ஒட்டவைத்தேன். பிரச்சினை டிரைவர் மட்டும் இல்லை, ஒலியை எண்களாக மாற்றும் வேகத்தை வைக்கிற கடிகாரம் இரண்டுக்கும் தனித்தனி. இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் சொல்லும், ஆனால் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் விலகிவிடும். முதல் பாட்டில் தெரியாது. தனி ஆவர்த்தனத்துக்கு வரும்போது கடம் ஒரு ஊரிலும் மிருதங்கம் இன்னொரு ஊரிலும் இருக்கும். மேக்கில் 'அக்ரிகேட் டிவைஸ்' என்று இரண்டையும் இணைத்து விலகலைத் திருத்த வழி இருக்கிறது, அதையும் நான் அவசரத்துக்குத்தான் நம்புவேன்.

சரி, எத்தனை இன்புட்? ஆட்களை எண்ணாதீர்கள். பிறகு எதையெல்லாம் தனியாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணுங்கள். குரல் 1, வயலின் 1, மிருதங்கம் 2, கடம் 1, தம்புரா 1. அறை முழுவதையும் பிடிக்க ஒரு ஜோடி மைக் வைத்தால் இன்னொரு 2. ஆக 8. நாளைக்குக் கஞ்சிரா வந்தால் 9, அங்கேதான் 8 வாங்கியவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனவே வளர இடம் இருப்பதாகப் பாருங்கள். ஒரு வழி ஸ்கார்லெட் 18ஐ20. அதில் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) 8, பின்னால் ஏடேட் ஆப்டிகல் இன்புட் (ஒளிக் கேபிளில் பல சேனலை வாங்கும் துளை) இருக்கிறது. பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 போன்ற ப்ரீஆம்ப் பெட்டியை ஒரே ஒரு ஆப்டிகல் கேபிளில் இணைத்தால் இன்னும் 8 வரும். 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில்தான் 8, அதற்கு மேல் 88.2, 96 என்று போனால் ஒரு ஆப்டிகல் கேபிள் 4 சேனல்தான் தாங்கும், ஏடிஏ8200 அங்கே போகவே போகாது. நமக்கு 48 போதும். முக்கியமாக, இரண்டில் ஒன்றுதான் கடிகாரத் தலைவன், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். இரண்டையும் 'இன்டர்னல்' என்று விட்டுவிட்டால் டிக் டிக் என்று பொரி பொரிக்கிற சத்தம் வரும், அதைக் கேபிள் கோளாறு என்று நினைத்து நான் இரண்டு ஆப்டிகல் கேபிள் மாற்றியிருக்கிறேன்.

இன்னொரு வழி பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி டிஜிட்டல் மிக்சர். 16 மைக் ப்ரீஆம்ப், யுஎஸ்பியில் 18 உள்ளே 18 வெளியே. பெட்டியில் ஃபேடரே (லெவலை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) கிடையாது, எல்லாம் டேப்லெட்டில். வெளியே கச்சேரிக்கும் தூக்கிக்கொண்டு போகிற ஆள் என்றால் இது. வீட்டை விட்டு நகராது என்றால் முதல் வழி. என் கை ஃபேடரைத் தேடுகிற கை, அதனால் எனக்கு டேப்லெட் ஒத்து வரவில்லை, அது என் வயசுக் கோளாறாகவும் இருக்கலாம்.

மிக்சரை உடனே விற்காதீர்கள். முதல் சில சேனல்களின் பின்னால் 'இன்சர்ட்' என்று துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதிலிருந்து அந்தச் சேனலை மட்டும் தனியாக வெளியே எடுக்கலாம். டிஆர்எஸ் ஜாக்கில் (மூன்று தொடர்பு உள்ள ஜாக்) முனையான டிப்பையும் நடு வளையமான ரிங்கையும் சேர்த்துப் பற்றவைத்து ஒரு கேபிள் செய்துகொண்டால் போதும், ஒலி மிக்சருக்குள்ளும் போகும், வெளியேயும் வரும்.

வலந்தலை:

நான் வாசிக்கிறவன், பதிவு செய்வது பொழுதுபோக்கு. எனவே பெட்டி பற்றி மேலே சொன்னவருக்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் 10க்கு 12 அறையில் 8 டிராக் வைத்தாலும் ஒவ்வொரு டிராக்கிலும் மிருதங்கம் இருக்கும் சார். குரல் மைக்கில் மிருதங்கம், வயலின் மைக்கில் கடம். டிராக் தனியாக இருப்பதும் ஒலி தனியாக இருப்பதும் வேறு வேறு. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

உட்காரும் முறையிலேயே நிறையச் சரியாகும். மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அதையே வையுங்கள், ஆனால் மிருதங்கத்தை ஓர் இரண்டடி முன்னால் இழுத்துப் பாடகரைப் பார்க்க வையுங்கள், பாடகரின் மைக்குக்கு அது பின்பக்கமாக வருகிற மாதிரி. எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்கின் முதுகு கிட்டத்தட்டச் செவிடு. அந்த முதுகை யார் பக்கம் காட்டுகிறோம் என்பதுதான் விஷயம். இந்த அறையில் குரலுக்குக் கண்டென்சரைவிட டைனமிக் மைக்கை அரையடிக்குள் வைத்துப் பாடச் சொல்வதே நல்லது என்பேன். அத்தை பெண் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறவர் என்றால் அது சிரமம்தான்.

மிருதங்கத்துக்கு மைக் வைக்கும்போது வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) கரணையின் (நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) நடுவுக்கு நேராக நீட்டாதீர்கள், மீட்டுப் பக்கம் (தோலின் வெளி வளையம்) சாய்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நடுவுக்கு நேராக வைத்தால் சாப்பு என்ற சொல் மட்டும் துப்பாக்கி மாதிரி வெடிக்கும், மீட்டுச் சொல் எல்லாம் மங்கிவிடும். தொப்பிக்கு எஸ்எம்57 போதும், அதுவும் ஒரு சாண். இரண்டு மைக்கும் எதிரெதிரே பார்ப்பதால் சேர்த்துக் கேட்கும்போது கீழ் ஒலி மெலிந்து போகலாம். ரீப்பரில் டிராக் பேனலிலேயே ஃபேஸ் பொத்தான் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) இருக்கிறது, ஒன்றை மட்டும் திருப்பிப் பாருங்கள், எதில் 'கும்' தடிமனாக இருக்கிறதோ அதுவே சரி. ஹெட்போனில் ஸ்டீரியோவாக வைத்துப் பார்க்க வேண்டாம், மோனோவில் பாருங்கள்.

பல்லவியை விழுங்கியது என்றீர்களே, அங்கே மிக்சர் மேல் மட்டும் பழி இல்லை என்று நினைக்கிறேன். தொப்பியில் ரவை (நடுவில் ஒட்டுகிற ஈரப் பசை) புதிதாக ஒட்டியிருக்கும்போது ஒலி பெருகும், காயக் காயக் குறையும். நீங்கள் லெவல் வைத்தபோது பழைய ரவையாக இருந்திருக்கும், நடுவில் அவர் தண்ணீர் தொட்டுப் புதிதாக ஒட்டியிருப்பார். அவரிடமே கேளுங்கள். நாங்கள் அதை யாரிடமும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை.

இன்னொன்று. ஏசி போட்டு அறையைக் குளிரவைத்துவிட்டு 'சத்தம் வருகிறது' என்று பதிவின்போது அணைப்பார்கள். தோல் அப்படியே சுருதி நகர்ந்துவிடும். ஐந்தரைக் கட்டைச் சுருதி ஐந்தரையாக நிற்காது. முதலிலேயே அணைத்துவிட்டு, வியர்த்துக்கொண்டு, அரை மணி கழித்துச் சுருதி சேருங்கள்.

கேபிள்காரன்:

ரவை விஷயம் எனக்கே புதிது. இத்தனை வருடமாக நான் லெவலை அடக்குகிற கம்ப்ரசரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எர்த்பின்:

அந்த 'ம்ம்ம்' பற்றி யாரும் பேசவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் அது எர்த் வழியாகச் சுற்றி வருகிற மின்சாரம், கீபோர்டு ஒரு பிளக்கில், மிக்சர் இன்னொரு பிளக்கில், லேப்டாப் மூன்றாவதில், எல்லாம் ஆடியோ கேபிள் வழியாகக் கைகோத்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஆழமான ம்ம் வந்தால் 50, கொஞ்சம் கரகரப்பாக ஸ்ஸ் கலந்து வந்தால் 100-ம் அதன் மடங்குகளும்.

எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். கீபோர்டுக்கு ஒரு டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வாங்குங்கள், அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று சின்ன சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கும். தயவு செய்து மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்காதீர்கள். சத்தம் நிற்கும்தான். ஒரு நாள் மைக்கில் உதடு வைக்கிறவருக்கு ஷாக் அடிக்கும். எங்கள் தெருப் பஜனை மண்டபத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், பாடியவர் மைக்கை எறிந்துவிட்டார், நல்ல வேளை கையில் ஈரமில்லை. பழைய வீடு என்றால் எர்த் உண்மையிலேயே மண்ணில் போய்ச் சேர்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சுருதிக்கு ஃபோன் ஆப் வைப்பதாக இருந்தால் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சிக்னல் தேடுகிற 'டிட்டிட்டி' பதிவில் ஏறும்.

மாடிஅறை:

அண்ணன்களுக்கு நன்றி. ரவை பற்றி ஃபோன் போட்டுக் கேட்டேன், ஆமாம், முதல் பாட்டு முடிந்ததும் புதிதாக ஒட்டினாராம், "அதைப் போய் உங்களிடம் சொல்ல வேண்டுமா?" என்றார். சார்ஜரைப் பிடுங்கியதும் ம்ம்ம் நின்றுவிட்டது.

மிக்சரில் இன்சர்ட் 4 சேனலில் இருக்கிறது. ஆனால் வெளியே எடுத்து எதில் செருகுவது, 2ஐ2-வில் இரண்டுதானே துளை? 18ஐ20-க்குப் பணம் சேர இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும், அவர்கள் வருகிற ஞாயிறு வருகிறார்கள். அப்புறம் ஹெட்போன்: பாடுகிறவள் போடவே மாட்டேன் என்கிறாள். போடாவிட்டால் சுருதி எப்படிக் கேட்பது?

கேபிள்காரன்:

ஞாயிற்றுக்கிழமைக்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. யுஎஸ்பியில் இடது, வலது என்று இரண்டு போகிறதல்லவா, அதை ஸ்டீரியோ என்று நினைக்காதீர்கள், இரண்டு தனி டிராக் என்று நினையுங்கள். குரலின் பேன் குமிழை முழுக்க இடப்பக்கம், மற்ற எல்லாவற்றையும் முழுக்க வலப்பக்கம் திருப்பிவிடுங்கள். ரீப்பரில் இன்புட் 1 மோனோ ஒரு டிராக், இன்புட் 2 மோனோ ஒரு டிராக். அவ்வளவுதான், குரல் தனியாகக் கையில் வந்துவிட்டது. வலப்பக்கக் கலவையை மட்டும் பதிவு செய்யும்போதே கவனமாக வைக்க வேண்டும், அதில் திருத்த முடியாது. எதைப் பிரிக்க வேண்டும் என்று இரண்டே வாய்ப்பு கொடுத்தால் நான் குரலைத்தான் பிரிப்பேன், வலந்தலை மன்னிக்கவும்.

இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு 2ஐ2-வை மட்டும் பயன்படுத்துங்கள். மிக்சரின் மெயின் அவுட்டில் ஒரு பக்கம் 2ஐ2-வின் முதல் இன்புட்டுக்கு, மறுபக்கம் இரண்டாவதுக்கு, இரண்டும் 'லைன்' நிலையில். டிராக் இரண்டுதான், ஆனால் லெவலை முன்னால் இருக்கிற குமிழில் வைக்கலாம், பழகிய டிரைவர். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். 24 பிட்டில் பதிவு செய்கிறோம், கீழே இடம் ஏராளம். சிவப்பைத் தொட வைப்பது டேப் காலத்துப் பழக்கம்.

ஹெட்போன் வேண்டாம் என்பவளை வற்புறுத்தாதீர்கள், அவள் சொல்வது நியாயம். அறையில் எல்லாரும் நேரடியாகக் கேட்கிறார்கள், சுருதி ஒன்றுதான் வேண்டும். ஒரு காதில் மட்டும் சிறிய இயர்போன், அதில் தம்புரா மட்டும். லேப்டாப் வழியாகச் சுற்றி வராமல் மிக்சரின் ஹெட்போன் துளையிலிருந்தோ ஃபோனிலிருந்தோ நேராகக் கொடுத்தால் தாமதம் என்ற பேச்சே இல்லை. லேப்டாப் வழியாக யாரும் கேட்கவில்லை என்றால் பஃபரை (லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்து வைக்கும் ஒலித் துண்டு) 1024 சாம்பிளில் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். 128-இல் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸுக்கு 2.7 மில்லிசெகண்ட், கேட்க ஆசையாக இருக்கும், நடுவில் விண்டோஸ் அப்டேட் வந்து இருமினால் போச்சு.

வலந்தலை:

மன்னித்தேன்.

8 டிராக் வந்த பிறகு மிக்ஸ் செய்யும்போது ஒன்று சொல்லிவைக்கிறேன், இப்போது சொல்லாவிட்டால் மறந்துவிடுவேன். எல்லாரும் குரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். நான் அறை மைக் ஜோடியில் ஆரம்பிப்பேன். அதில் கச்சேரி முழுதாக இருக்கும், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உட்பட. அதன்மேல் குறைகிறதை மட்டும் கிட்ட மைக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். மிருதங்கம் கேட்பவரின் இடப்பக்கம் சற்று, வயலின் வலப்பக்கம் சற்று, குரல் நடுவில். அறை மைக்கில் அவர்கள் இருக்கிற பக்கத்துக்கு எதிராகப் பேன் செய்தால் தலை சுற்றும். அறை மைக் ஆறடி தள்ளி இருந்தால் ஒலி அங்கே போய்ச் சேர 5 மில்லிசெகண்ட் ஆகும் (34 சென்டிமீட்டருக்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்), அதை இழுத்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள், அந்த தாமதம்தான் அறை.

கேட் (ஒலி குறைந்ததும் டிராக்கை மூடிவிடுவது) போடவே போடாதீர்கள். குரல் நின்றதும் கேட் மூடினால் அந்த மைக்கில் இருந்த மிருதங்கமும் சேர்ந்து மறையும், அடுத்த வரியில் திரும்ப வரும், மிருதங்கம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அதே காரணத்தால் வெட்டி ஒட்டுவதென்றால் எல்லா டிராக்கையும் குரூப் செய்து ஒரே இடத்தில் வெட்டுங்கள். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிவிடுங்கள், அந்த மைக்கில் அதற்குக் கீழே இருப்பது தொப்பியும் மின்விசிறியும்தான். தொப்பி டிராக்கில் அந்த வடிகட்டியைத் தொடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், 8 டிராக் ஒரு மணி நேரத்துக்கு 4.1 ஜிபி. பேசிக்கொண்டிருப்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறவர் என்றால் மதியச் சாப்பாட்டுக்குள் 15 ஜிபி ஆகிவிடும்.

எர்த்பின்:

டேப் வாங்குங்கள், துணி டேப், எழுத வருகிற மாதிரி. கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண். நான்கு ஆட்கள் தரையில் உட்கார்ந்த பிறகு ஆறு கறுப்புக் கேபிளில் எது எது என்று தேடுவது எரிச்சலான வேலை.

மாடிஅறை:

ஞாயிறு முடிந்தது. குரல் இடது, மற்றவை வலது என்றுதான் எடுத்தோம். முதலில் ஒவ்வொருவரையும் தன் பெயரைச் சொல்லி ஒரு தட்டு தட்டச் சொன்னேன், கடமும் வயலினும் மாறிப் போயிருந்தது, டேப் ஒட்டியும். வாசல் பக்கத்து முனையில் 3, மிக்சர் பக்கத்தில் 5 என்று நானே எழுதியிருக்கிறேன்.

ரவை புதிதாக ஒட்டும்போதெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் மிருதங்கக்காரர் என்னைப் பார்த்து ரவைக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார், நான் தொப்பிச் சேனலை இரண்டு டெசிபல் இறக்கினேன். பல்லவி கேட்கிறது. கடம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, வலப்பக்கத்தில் மாட்டிக்கொண்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 18ஐ20-க்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த 2ஐ2 வழியை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.